பென்சில் கோட்டால் திறந்த பூட்டு: ஏஎம்டி பிராசசரின் வேகத்தை கூட்டியது எப்படி? அதில் இருந்த ஆபத்து என்ன?

ஒரு சாதாரண பென்சில், கொஞ்சம் பொறுமை, ஒரு பூதக்கண்ணாடி. 2000-ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான், டியூரான் பிராசசர்களின் வேகப் பூட்டை திறக்க இவ்வளவுதான் தேவைப்பட்டது. பல கோடி டாலர் செலவில் கட்டப்பட்ட தொழிற்சாலையில் லேசர் வைத்து துண்டித்த இணைப்பை, பள்ளிக்கூட பையில் கிடக்கும் பென்சில் மீண்டும் ஒட்டவைத்தது.

கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இதற்குள் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சிப்புக்குள் இருக்கும் முழுத் திறனையும் பயன்படுத்தும் உரிமை யாருக்கு? வாங்கியவருக்கா, விற்றவருக்கா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒரே பதில் கிடைக்கவில்லை.

பென்சில் எப்படி பூட்டை திறந்தது, நிறுவனங்கள் ஏன் பூட்டு போட்டன, அதனால் என்னென்ன சிக்கல் வந்தது என்பதை விரிவாக பார்க்கலாம்.

ஓவர்கிளாக்கிங்னா என்ன?

கம்ப்யூட்டர் பிராசசர் ஒரு தாளத்துக்கு ஏற்ப வேலை செய்யும். ஒரு நொடிக்கு எத்தனை முறை அந்தத் தாளம் அடிக்கிறது என்பதைத்தான் மெகாஹெர்ட்ஸ், கிகாஹெர்ட்ஸ் என்று சொல்கிறோம். 600 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 கோடி துடிப்புகள்.

இந்த வேகம் இரண்டு எண்களை பெருக்கி வருவது. ஒன்று, மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு. இதற்கு பஸ் வேகம் என்று பெயர். இன்னொன்று, அந்தத் துடிப்பை பிராசசர் தனக்குள் எத்தனை மடங்கு ஆக்கிக்கொள்கிறது என்ற எண். இதற்கு மல்டிபிளையர் என்று பெயர்.

உதாரணத்துக்கு, 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வந்த டியூரான் 600 பிராசசரை எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு தருவது 100 மெகாஹெர்ட்ஸ். மல்டிபிளையர் 6. 100-ஐ 6-ஆல் பெருக்கினால் 600. கணக்கு அவ்வளவுதான்.

இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை கூட்டினால் பிராசசர் கூடுதல் வேகத்தில் ஓடும். நிறுவனம் குறித்துக் கொடுத்த வேகத்தை தாண்டி இப்படி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங்.

பஸ் வேகத்தையே கூட்டியிருக்கலாமே?

கூட்டலாம். ஆனா அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பஸ் வேகத்தை கூட்டினால் பிராசசர் மட்டும் வேகமாக ஓடாது. மெமரி, கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க் இணைப்பு என்று எல்லாமே கூட ஓட வேண்டியிருக்கும். அதில் ஏதாவது ஒன்று மூச்சு வாங்கினாலும் மொத்த கம்ப்யூட்டரும் நின்றுவிடும்.

அப்போது அத்லான், டியூரான் பிராசசர்களுக்கான மதர்போர்டுகளில் பரவலாக இருந்தது வியா நிறுவனத்தின் கேடி133 சிப்செட். இது 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்காக செய்யப்பட்டது. 110 மெகாஹெர்ட்ஸை நெருங்கும்போதே பல போர்டுகள் தடுமாறின. அதாவது பஸ் வழியாக கிடைக்கக்கூடிய கூடுதல் வேகம் சுமார் 10 சதவீதம்தான்.

மல்டிபிளையருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பிராசசருக்கு உள்ளே மட்டும் நடக்கும் பெருக்கல். மற்ற பாகங்கள் பழைய வேகத்திலேயே நிம்மதியாக ஓடும். அதனால்தான் ஓவர்கிளாக்கிங் ஆர்வலர்கள் எல்லோரும் மல்டிபிளையர் மேல் கண் வைத்தார்கள். அதே காரணத்தால் நிறுவனங்களும் அதற்குத்தான் பூட்டு போட்டன.

நிறுவனங்கள் ஏன் பூட்டு போட்டன?

இதை புரிந்துகொள்ள சிப் எப்படி விலை போடப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

600 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு ஒரு தொழிற்சாலை, 700 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு இன்னொரு தொழிற்சாலை என்று கிடையாது. ஒரே சிலிக்கான் தட்டில், ஒரே வடிவமைப்பில் நூற்றுக்கணக்கான சிப்புகள் ஒன்றாக உருவாகின்றன. பிறகு ஒவ்வொன்றையும் சோதிக்கிறார்கள். வேகத்தை தாங்குவதற்கு ஒரு விலை, தாங்காததற்கு ஒரு விலை. மாம்பழத்தை தரம் பிரிப்பது போலத்தான்.

டியூரான் அறிமுகமானபோது 600 மெகாஹெர்ட்ஸ் சிப்பின் விலை 112 டாலர். 650-க்கு 154 டாலர். 700-க்கு 192 டாலர். ஆயிரம் சிப் மொத்தமாக வாங்குவோருக்கு ஏஎம்டி அறிவித்த விலை இது. மூன்றிலும் உள்ளே இருப்பது ஒரே வடிவமைப்பு. 100 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்கு 80 டாலர் வித்தியாசம்.

இங்கேதான் ஒரு திருப்பம். தொழிற்சாலையின் தரம் உயர உயர, வேகமாக ஓடக்கூடிய சிப்புகளே அதிகமாக வரும். ஆனா சந்தையில் அதிகம் விற்பது விலை குறைந்த சிப்தான். அப்போது நிறுவனம் என்ன செய்யும்? நன்றாக ஓடக்கூடிய சிப்பின் மீதே குறைந்த வேகத்தை குறித்து விற்கும். அதாவது 600 என்று எழுதியிருக்கும் சிப், உண்மையில் 800, 900 வரை ஓடக்கூடியதாக இருக்கலாம்.

இந்த ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டு வகை. ஒருவர், குறைந்த விலை சிப்பை வாங்கி தன் வீட்டில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர். இன்னொருவர், மோசடி வியாபாரி. குறைந்த வேக சிப்பின் மேல் இருக்கும் எழுத்தை அழித்துவிட்டு, அதிக வேகம் என்று புதிதாக அச்சடித்து, கூடுதல் விலைக்கு விற்பவர்.

இரண்டாவது வகை மோசடி 1990-களில் நிஜமாகவே நடந்தது. வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகு கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகும். பழி விழுவது சிப் தயாரித்த நிறுவனத்தின் மேல். மல்டிபிளையரை பூட்டியதற்கு நிறுவனங்கள் வெளிப்படையாக சொன்ன காரணம் இதுதான். விலை அடுக்கை காப்பாற்றுவதும் அந்தப் பூட்டின் வேலைதான் என்பதை தனியாக சொல்ல வேண்டியதில்லை.

இன்டெல் 1998-க்குள் தன்னுடைய பென்டியம் 2 வரிசையை சிப்புக்கு உள்ளேயே பூட்டிவிட்டது. வெளியே இருந்து தொட வழியில்லை. ஆனால் ஏஎம்டி போட்ட பூட்டு வித்தியாசமானது. அது சிப்பின் மேல்புறத்தில், கண்ணுக்கு தெரியும் இடத்தில் இருந்தது.

எல்1 பாலங்கள்: பூட்டு இருந்த இடம்

1999-ல் வந்த முதல் அத்லான் பிராசசர்கள் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், கார்டு வடிவில் இருந்தன. பெட்டியை திறந்தால், கார்டின் ஒரு விளிம்பில் தங்க நிற இணைப்புகள் தெரியும். அதில் சொருகும் சின்ன சர்க்யூட் போர்டுகள் தனியாக விற்பனைக்கு வந்தன. கோல்டுஃபிங்கர் கருவி என்று அவற்றுக்கு பெயர். அதை மாட்டினால் வேகத்தை மாற்றலாம்.

2000 ஜூன் மாதம் நிலைமை மாறியது. தண்டர்பேர்டு என்ற பெயர் கொண்ட புதிய அத்லானும், விலை குறைந்த டியூரானும் 462 துளை கொண்ட சாக்கெட் ஏ வடிவத்துக்கு வந்தன. பீங்கான் தட்டு ஒன்றின் நடுவே சிலிக்கான் சிப். அதை சுற்றி, தட்டின் மேல்புறத்தில், எல்1, எல்2, எல்3 என்று பெயரிட்ட குட்டிக் குட்டி இணைப்புப் புள்ளிகள். இவற்றுக்குத்தான் பாலங்கள் என்று பெயர்.

ஒவ்வொரு பாலமும் இரண்டு புள்ளிகள். நடுவே மெல்லிய உலோகக் கோடு இருந்தால் பாலம் மூடியிருக்கிறது, மின்சாரம் போகும். லேசரால் அந்தக் கோட்டை வெட்டிவிட்டால் பாலம் திறந்துவிட்டது, மின்சாரம் போகாது. இப்படி சில பாலங்களை வெட்டி, சிலவற்றை விட்டுவைத்துத்தான் ஒவ்வொரு சிப்பின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தொழிற்சாலையில் குறித்தார்கள்.

அதில் எல்1 வரிசையில் இருந்தவை நான்கு பாலங்கள். மல்டிபிளையர் எவ்வளவு என்பதை மதர்போர்டும் பிராசசரும் பேசிக்கொள்ளும் நான்கு சிக்னல்கள் இந்த வழியாகத்தான் போக வேண்டும். நான்கு சிக்னல்கள், ஒவ்வொன்றும் 0 அல்லது 1. மொத்தம் 16 சாத்தியங்கள். 5 மடங்கில் தொடங்கி அரை அரையாக ஏறி 12.5 மடங்கு வரை சரியாக 16 எண்கள் வரும்.

எல்1 பாலங்கள் மூடியிருந்தால், மதர்போர்டு சொல்லும் எண்ணை பிராசசர் கேட்கும். வெட்டியிருந்தால், மதர்போர்டு என்ன சொன்னாலும் காதில் விழாது. தொழிற்சாலையில் குறித்த எண்ணிலேயே ஓடும்.

ஆரம்பத்தில் வந்த சிப்புகள் சிலவற்றில் எல்1 பாலங்கள் வெட்டப்படாமலேயே வந்தன. விஷயம் வெளியே தெரிந்த பிறகு வந்தவற்றில் வெட்டு விழுந்தது. அதற்கு ஆர்வலர்கள் கண்டுபிடித்த பதில்தான் பென்சில்.

பென்சில் எப்படி வேலை செய்தது?

பென்சிலுக்குள் இருக்கும் கருப்புக் குச்சியை லெட் என்று சொல்கிறோம். ஆனால் அதில் ஈயம் துளிகூட கிடையாது. கிராஃபைட் என்ற கார்பன் வகையும் களிமண்ணும் கலந்து சுட்டதுதான் அது.

கார்பனில் வைரமும் ஒரு வகை, கிராஃபைட்டும் ஒரு வகை. வைரத்தில் மின்சாரம் பாயாது. கிராஃபைட்டில் பாயும். காரணம் இதுதான்: கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு அணுவும் பக்கத்தில் உள்ள மூன்று அணுக்களோடு கைகோர்த்த பிறகும் ஒரு எலக்ட்ரான் மிச்சம் இருக்கும். அந்த எலக்ட்ரான்கள் தாளின் மேல் தடையில்லாமல் ஓடும். அந்த ஓட்டம்தான் மின்சாரம்.

பென்சிலில் எழுதும்போது இந்தத் தாள்கள் உரிந்து காகிதத்தில் ஒட்டுகின்றன. பாலத்தின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அழுத்தி தேய்த்தாலும் அதே கதைதான். கிராஃபைட் படலம் ஒன்று உருவாகி இரண்டு புள்ளிகளையும் இணைக்கும்.

எந்த பென்சிலாக இருந்தாலும் போதுமா என்றால், இல்லை. எச் என்று குறித்த கடினமான பென்சிலில் களிமண் அதிகம். பி என்று குறித்த மென்மையான பென்சிலில் கிராஃபைட் அதிகம். படம் வரைபவர்கள் பயன்படுத்தும் 4பி போன்ற பென்சில்தான் இதற்கு ஏற்றது.

இன்னொரு சந்தேகமும் வரலாம். பென்சில் கோட்டின் மின்தடை உலோகக் கம்பியை விட பல மடங்கு அதிகமாச்சே, அது எப்படி போதும்?

இந்தப் பாலம் வழியாக பிராசசர் ஓடுவதற்கான மின்சாரம் போவதில்லை. 'ஆம்', 'இல்லை' என்று சொல்லும் சிக்னல் மட்டும்தான் போகிறது. அதற்கு மிக மிகக் குறைந்த மின்னோட்டம் போதும். குழாயில் தண்ணீர் கொட்ட வேண்டியதில்லை, ஈரம் தெரிந்தால் போதும் என்ற மாதிரி. மோசமான கடத்தியான பென்சில் கோடு அந்த வேலைக்கு தாராளமாக போதுமானதாக இருந்தது.

செய்முறையில் கவனம் தேவைப்பட்ட இடங்கள்

வேலை சொல்வதற்கு எளிது. செய்வதில் நுணுக்கம் அதிகம். பாலங்கள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு. ஒரு பாலத்துக்கும் அடுத்த பாலத்துக்கும் இடைவெளியும் அவ்வளவுதான்.

முதலில் பிராசசரை கழற்றி, மேற்பரப்பில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹால் வைத்து துடைப்பார்கள். பிறகு கூராக சீவிய பென்சிலால் எல்1 பாலம் ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக தேய்ப்பார்கள். பக்கத்துப் பாலத்தோடு ஒட்டிக்கொண்ட கிராஃபைட் பொடியை ஊசி முனையால் சுரண்டி எடுப்பார்கள். மல்டிமீட்டர் வைத்து, இணைய வேண்டியது இணைந்திருக்கிறதா, இணையக் கூடாதது பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பென்சில் கோடு நிரந்தரமானது இல்லை. கழற்றி மாட்டும்போது கை பட்டாலே அழியும். சில மாதம் கழித்து தொடர்பு விட்டுப்போய், கம்ப்யூட்டர் பழைய வேகத்துக்கே திரும்புவதும் உண்டு. நிரந்தரமாக வேண்டும் என்றவர்கள் வெள்ளித்துகள் கலந்த கடத்தும் மை பயன்படுத்தினார்கள். சர்க்யூட் போர்டு பழுதுபார்க்க பேனா வடிவில் விற்கும் மை அது. கார் பின்கண்ணாடியில் பனியை போக்கும் சூடேற்றும் கோடுகள் அறுந்தால் பூசுவதற்கு விற்கும் பெயின்ட்டையும் சிலர் எடுத்தார்கள். இரண்டும் பென்சிலை விட நன்றாக மின்சாரத்தை கடத்தும். ஆனால் தவறாக வழிந்துவிட்டால் துடைப்பதும் அதே அளவுக்கு கஷ்டம்.

பூட்டை திறந்தால் மட்டும் வேகம் கூடாது. மல்டிபிளையரை மாற்றும் வசதி மதர்போர்டிலும் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்த ஏபிட் கேடி7 போன்ற போர்டுகளில் பயாஸ் திரையிலேயே எண்ணை மாற்றலாம். வேறு சில போர்டுகளில் குட்டி சுவிட்சுகளை தட்ட வேண்டும். எந்த வசதியும் இல்லாத போர்டில் பென்சில் தேய்த்தும் பயன் இல்லை.

எல்லாம் சரியாக அமைந்தால், டியூரான் 600-ன் மல்டிபிளையரை 6-லிருந்து 9-க்கு ஏற்றலாம். 100-ஐ 9-ஆல் பெருக்கினால் 900. எல்லா சிப்பும் இந்த வேகத்தை தாங்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் தாங்கிய சிப்புகள் நிறைய இருந்தன. டியூரான் வரிசைக்கு பெயர் கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஏஎம்டி கொடுத்த பதிலடி: பாலத்துக்கு பதில் பள்ளம்

2001 அக்டோபரில் அத்லான் எக்ஸ்பி வந்தது. பாலமினோ என்பது அதன் உள்பெயர். இதில் பீங்கான் தட்டுக்கு பதிலாக பழுப்பு நிற பிளாஸ்டிக் வகை தட்டு. லேசர் இதன் மேல் பட்டபோது பாலம் மட்டும் வெட்டுப்படவில்லை. அந்த இடத்தில் ஒரு பள்ளமே விழுந்தது.

பள்ளத்துக்கு அடியில் இருந்தது தரை இணைப்புக்கான செம்புத் தகடு. அதாவது, பழைய ஞாபகத்தில் பென்சிலையோ வெள்ளி மையையோ பள்ளத்துக்குள் பூசினால், பாலத்தின் இரண்டு முனைகளும் இணைவதற்கு பதிலாக தரை இணைப்போடு ஒட்டிக்கொள்ளும். சிக்னல் செத்துவிடும்.

ஆர்வலர்கள் விடவில்லை. முதலில் பள்ளத்தை சூப்பர் குளூ போன்ற மின்சாரம் கடத்தாத பசையால் நிரப்பினார்கள். காய்ந்ததும் பிளேடால் சமமாக சீவினார்கள். பக்கத்தில் பரவாமல் இருக்க செல்லோடேப் ஒட்டி, நிரப்பிய பள்ளத்தின் மேல் கடத்தும் மையால் பாலம் போட்டார்கள். ஒரு நிமிட பென்சில் வேலை, ஒரு மணி நேர வேலையானது. இருந்தாலும் பூட்டு திறந்தது.

பாலங்களை வைத்து வேகத்தை மட்டும் மாற்றவில்லை. அத்லான் எக்ஸ்பியில் எல்5 வரிசையின் ஒரு பாலத்தை இணைத்தால், இரண்டு பிராசசர் போடும் சர்வர் போர்டுகளில் அது விலை கூடிய அத்லான் எம்பி மாதிரி நடந்துகொண்டது. 2003-ல் வந்த டியூரான் சிலவற்றில், எல்2 பாலத்தை இணைத்து முடக்கி வைத்திருந்த கேஷ் மெமரியை 64 கிலோபைட்டிலிருந்து 256 கிலோபைட் ஆக்கினார்கள். ஆனால் முடக்கிய பகுதி பழுதில்லாமல் இருந்தால்தான் அது பலித்தது. பழுதாக இருந்ததாலேயே முடக்கப்பட்ட சிப் என்றால் கம்ப்யூட்டர் தடுமாறும்.

கடைசியில் 2003-ன் பிற்பகுதியில் ஏஎம்டியும் மல்டிபிளையர் பூட்டை சிப்புக்கு உள்ளே கொண்டுபோனது. அதன் பிறகு வெளியே எந்தப் பாலத்தை இணைத்தும் பலன் இல்லை. பென்சில் காலம் அத்தோடு முடிந்தது.

இன்டெல் பக்கம் நடந்தது என்ன?

இன்டெல் மல்டிபிளையரை பூட்டியதும், ஆர்வலர்கள் பஸ் வேகத்தின் பக்கம் போனார்கள். எந்த பஸ் வேகம் வேண்டும் என்று பிராசசர் மதர்போர்டுக்கு சில ஊசி முனைகள் வழியாக சொல்லும். அந்தத் தகவலை மாற்றினால் போதும்.

1998-ல் வந்த செலரான் 300ஏ இதில் புகழ் பெற்றது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கான சிப் அது. கார்டில் பி21 என்ற முனையை டேப் ஒட்டி மறைத்துவிட்டால், மதர்போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் சிப் என்று நினைத்துக்கொள்ளும். மல்டிபிளையர் 4.5. அதனால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடியது. இங்கே தந்திரம் தலைகீழ். மின்சாரத்தை கடத்தும் பொருளுக்கு பதிலாக, கடத்தாத பொருள்.

2007 வாக்கில் கடத்தும் மை மறுபடியும் வந்தது. பென்டியம் இ2140 போன்ற சிப்புகளின் அடிப்பகுதியில் இருக்கும் தட்டையான தங்கப் புள்ளிகளில் குறிப்பிட்ட சிலவற்றை மையால் இணைத்தால், 200 மெகாஹெர்ட்ஸ் பஸ் 266 ஆனது. மல்டிபிளையர் 8 என்பதால், 1.6 கிகாஹெர்ட்ஸ் சிப் 2.13 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. பயாஸில் வேகத்தை மாற்றும் வசதி இல்லாத, கம்பெனி கம்ப்யூட்டர்களில்கூட இது வேலை செய்தது.

ஆபத்து எவ்வளவு?

இந்த விஷயத்தில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி இது.

முதல் ஆபத்து, வெப்பம். பிராசசர் எடுக்கும் மின்திறன், வேகம் கூடும் அதே விகிதத்தில் கூடும். மின்னழுத்தத்தை ஏற்றினாலோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வேகத்தை 600-லிருந்து 900-க்கு ஏற்றினால் 1.5 மடங்கு. அந்த வேகத்தில் நிலையாக ஓட, மின்னழுத்தத்தை 1.6 வோல்ட்டிலிருந்து 1.8 வோல்ட்டுக்கு ஏற்றினால் அது தனியாக சுமார் 1.27 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. அதாவது வேகம் பாதி கூடியது, வெப்பம் ஏறக்குறைய இரட்டிப்பானது.

தண்டர்பேர்டு சிப்பில் வெப்பத்தை அளக்கும் சென்சார் சிப்புக்கு உள்ளே கிடையாது. சூடு எல்லை மீறினால் தானாக நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடும் இல்லை. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற தொழில்நுட்ப இணையதளம், ஓடிக்கொண்டிருக்கும் பிராசசர்களின் ஹீட்சிங்க்கை கழற்றி சோதித்த வீடியோ ஒன்றை வெளியிட்டது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தை குறைத்துக்கொண்டு தப்பித்தது. அத்லான் சில நொடிகளில் புகைந்து கருகியது. ஓவர்கிளாக் செய்யாத சிப்புக்கே இந்த கதி.

இரண்டாவது ஆபத்து, தவறான பாலம். எல்7 என்ற வரிசை பிராசசருக்கு எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பதை குறிப்பது. கை தவறி அங்கே கோடு போட்டால், தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறி சிப் கருகலாம்.

மூன்றாவது, உடைவது. அந்த சிப்புகளில் இன்று இருப்பது போல உலோக மூடி கிடையாது. சிலிக்கான் திறந்தபடியே இருக்கும். ஹீட்சிங்க்கை கழற்றி மாட்டும்போது ஓரம் நசுங்கினால் மூலை உடைந்துவிடும். அதன் பிறகு சிப் அதிகபட்சம் சாவிக்கொத்துக்குத்தான் ஆகும்.

நான்காவது ஆபத்துதான் கண்ணுக்கு தெரியாதது. எல்லைக்கு அருகில் ஓடும் பிராசசர் எப்போதும் நின்றுபோகாது. சில நேரம் தவறான விடை தரும். கேம் விளையாடும்போது ஒரு புள்ளி நிறம் மாறினால் நஷ்டமில்லை. அலுவலக கணக்கிலோ, சேமித்து வைத்த ஃபைலிலோ ஒரு எண் மாறினால் அது எப்போது மாறியது என்றே தெரியாது. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் வேகத்தை கூட்டிய பிறகு மணிக்கணக்கில் கடினமான கணக்குகளை ஓட்டி சோதிப்பார்கள்.

இதோடு நியாயம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு. பென்சில் கோட்டை துடைத்தால் தடயம் இருக்காது. சிப்பை கருக்கிவிட்டு, கோட்டை அழித்துவிட்டு, 'தானா போச்சு' என்று வாரன்டியில் மாற்றிக் கேட்டால் அது ஏமாற்று வேலை. தன் பொருளை தன் விருப்பப்படி மாற்றும் உரிமை கேட்பவர், அதனால் வரும் நஷ்டத்தையும் தானே ஏற்க வேண்டும்.

பூட்டு இப்போது எங்கே?

நிறுவனங்கள் ஒரு கட்டத்தில் கணக்கை மாற்றிப் போட்டன. பூட்டை திறக்க ஆசைப்படுபவர்கள் காசு கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். அப்படியென்றால், திறந்த சிப்பையே தனியாக விற்றால் என்ன?

2003-ல் ஏஎம்டியின் அத்லான் 64 எஃப்எக்ஸ் மல்டிபிளையர் பூட்டு இல்லாமல் உயர்ந்த விலையில் வந்தது. 2007-ல் பிளாக் எடிஷன் என்ற பெயரில் நடுத்தர விலை சிப்புகளும் அப்படி வந்தன. இன்டெல் 2010-ல் கே என்ற எழுத்தோடு முடியும் சிப்புகளை கொண்டுவந்தது. 2017-ல் வந்த ரைசன் வரிசையில் ஏஎம்டி பெரும்பாலான டெஸ்க்டாப் சிப்புகளை திறந்தே விற்றது. திறந்து விற்றாலும், ஓவர்கிளாக் செய்ததால் வரும் சேதத்துக்கு வாரன்டி கிடையாது என்பதே அந்நிறுவனத்தின் நிலை.

எல்லா பூட்டுக்கும் விலைதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி சிப்பில் மல்டிபிளையர் பூட்டப்பட்டது. சிப்பின் மேல் இன்னொரு அடுக்காக ஒட்டிய கேஷ் மெமரி அதிக மின்னழுத்தத்தை தாங்காது என்பது அதற்கான காரணம்.

மறுபக்கம், விலைக்காகவே போட்ட பூட்டுக்கு இன்டெல் ஒரு உதாரணம் கொடுத்தது. 2010-ல் பென்டியம் ஜி6951 சிப்போடு சோதனை அடிப்படையில் ஒரு திட்டம். 50 டாலருக்கு ஒரு கார்டு வாங்கி, அதில் இருக்கும் எண்ணை மென்பொருளில் போட்டால், சிப்புக்குள் ஏற்கனவே இருந்து முடக்கப்பட்ட கேஷ் மெமரியும் ஹைப்பர் த்ரெடிங் வசதியும் திறக்கும். காசு கொடுத்து வாங்கிய சிப்பை முழுசாக பயன்படுத்த மறுபடியும் காசா என்று எதிர்ப்பு கிளம்பியது. 2011-க்குப் பிறகு அந்தத் திட்டம் தொடரவில்லை. ஆனால் யோசனை சாகவில்லை. சர்வர்களுக்கான ஜியான் சிப்புகளில், தேவையான வசதிக்கு தனியாக காசு கட்டி திறக்கும் முறையை இன்டெல் பின்னர் கொண்டுவந்தது.

கடத்தும் பொருள் வித்தை இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. இடம் மட்டும் மாறிவிட்டது. இப்போது அது கிராபிக்ஸ் கார்டில்.

கார்டு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை அளக்க, மின்வழியில் மிகச் சிறிய மின்தடைகள் இருக்கும். ஷன்ட் என்று அவற்றுக்கு பெயர். 5 மில்லியோம் மின்தடையின் மேல் அதே அளவு இன்னொன்றை ஒட்டினால், மொத்த மின்தடை பாதியாகும். கார்டு தான் எடுப்பதில் பாதியைத்தான் எடுப்பதாக நினைத்து, எல்லையை தாண்டி ஓடும். ஒட்டுவதற்கு பதிலாக வெள்ளி பெயின்ட்டோ, திரவ உலோகமோ பூசுபவர்களும் உண்டு.

ஆனால் பென்சில் காலத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். எல்1 பாலத்தில் போனது வெறும் சிக்னல். ஷன்ட் வழியாக போவது கார்டு ஓடுவதற்கான முழு மின்சாரம். அதோடு, கார்டு தன்னை காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் கணக்கையே இது பொய்யாக்குகிறது. மின்இணைப்பு வயரும் பிளக்கும் உருகும் அளவுக்கு போக வாய்ப்பு உண்டு. திரவ உலோகத்தில் இருக்கும் காலியம் சாலிடரையும் அலுமினியத்தையும் அரிக்கும். ஒரு துளி வழிந்து பக்கத்தில் பட்டாலே ஷார்ட் சர்க்யூட்தான்.

பழைய அத்லானோ டியூரானோ வீட்டில் சும்மா கிடந்தால், பென்சிலை எடுத்து முயற்சி செய்து பார்ப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. முக்கியமான ஃபைல் எதுவும் அதில் இருக்கக் கூடாது, ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். புதிய சிப் வாங்குபவர்களுக்கு இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வேகம், அந்த சிப்பால் முடிந்த வேகம் என்று அர்த்தமில்லை. அந்த விலைக்கு நிறுவனம் உத்தரவாதம் தரும் வேகம். அதற்கு மேல் ஓட்டினால் கிடைப்பது லாபமாக இருக்கலாம். ஆனால் அந்த உத்தரவாதத்தை விட்டுக்கொடுத்துத்தான் அந்த லாபம் கிடைக்கிறது.